பின்சக்கரத்தின் சாய்வு

ஊரில் வண்டி வைத்திருக்கிறவனெல்லாம் தூக்கிக் கொடு, தூக்கிக் கொடு என்றுதான் காசிமாயனிடம் வருவான். மதுரையைச் சுற்றியுள்ள ரோடுகள் அப்படி. மேலூர் ரோட்டில் கல் ஏற்றிப் போகிற லாரிக்காரன், பாரம் தாங்குகிற கமான் கட்டில் ஒரு வில்பட்டை கூடுதலாகச் சொருகச் சொல்வான். அம்பாசிடர் வைத்திருக்கிற கமிஷன் கடைக்காரர், பின்பக்கம் உட்கார்ந்துபோச்சு, நிமிர்த்திக் கொடு என்பார். ஒத்தக்கடையில் பட்டறை போட்ட நாளிலிருந்து அவன் நிமிர்த்தித்தான் கொடுத்திருக்கிறான். 1979-ஆம் வருஷம் ஆனி மாதம் முத்திருளன் ஒரு பழைய வெள்ளை ஹெரால்டு காரைக் கொண்டுவந்து நிறுத்தி, "மச்சான், இத இறக்கணும்" என்றதும் காசிமாயன் சிரித்துவிட்டான்.

"எத இறக்கணும்? டிக்கியில மூட்டை கீட்டை வச்சிருக்கியா?"

"மூட்டை இல்ல மச்சான். காரையே இறக்கணும். தரையோட தரையா, இந்தா, இம்புட்டு ஒசரத்துல ஓடணும்." முத்திருளன் குனிந்து கையை வைத்துக் காட்டினான்.

"கிறுக்கு புடிச்சிருச்சாடா மாப்ள? உங்க ஊருக்குள்ள நொழையிற எடத்துல கெடக்குற பள்ளத்துல விட்டேன்னு வையி, வயிறு ஒரசி ரெண்டாப் பொளந்துரும்."

"கோயமுத்தூர்ல ரேஸ் ஓட்டுற பயலுக எல்லாம் இப்பிடித்தேன் வச்சிருக்காங்க. ஒரு ஆசை மச்சான். செஞ்சு குடுக்க மாட்டீகளா?"

வேறு எவனாவது கேட்டிருந்தால், வேற எடம் பாருப்பா என்று விரட்டியிருப்பான். கேட்டது முத்திருளனாகப் போயிற்று. அவன் மொக்கையனின் மகன். மொக்கையன், காசிமாயனின் தாய் சோணையம்மாளுக்குக் கூடப்பிறந்த தம்பி. அவருக்கு ஒரு மகளும் உண்டு, தங்கப்பொண்ணு. அவள் பிறந்த அன்றே குழந்தையைக் கையில் வாங்கி, "எம் மகன் பொண்டாட்டி இவ" என்று சோணையம்மாள் சொல்ல, "ஆமாக்கா, வேற யாருக்கு?" என்று தம்பியும் சிரித்திருக்கிறார். ஊருக்கே தெரிந்த பேச்சு அது. மீசை முளைத்த நாளிலிருந்து, தனக்குக் கல்யாணம் என்றால் யாரோடு என்பதில் காசிமாயனுக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

சந்தேகம் பிறகுதான் வந்தது. மொக்கையன் செக்கானூரணியில் அரிசி மில் போட்டார். ஒரு மில் இரண்டானது. மாடி வீடு எழும்பியது. முன்பெல்லாம் "எங்கக்கா மகன்" என்று தோளில் கை போட்டவர், "ஒத்தக்கடையில பட்டறை வச்சிருக்கான்ல, அந்தப் பய" என்று பேச ஆரம்பித்தார். பெண் படிப்பை முடித்துவிட்டு வீட்டில்தான் இருந்தாள். கல்யாணப் பேச்சை மட்டும் எடுப்பதில்லை. சோணையம்மாள் மானத்தை விட்டு வலியப் போய்க் கேட்டால், "இருக்கா, என்ன அவசரம்" என்று காப்பியைக் கொடுத்து பஸ் ஏற்றிவிடுவார்.

அதனால்தான் முத்திருளன் காரோடு வந்து நின்றதும் காசிமாயனுக்கு நெஞ்சு துள்ளியது. கழற்றிவிட நினைக்கிறவன் வீடு தேடி வருவானா? மதுரை டவுனுக்குள் வேறு பட்டறையே இல்லையா? செக்கானூரணியிலிருந்து ஊரையே கடந்து ஒத்தக்கடைக்கு வருவானேன்? மாமன் மனசு மாறவில்லை, அதுதான் அர்த்தம். இப்படியெல்லாம் மனக்கோட்டை கட்டிக்கொண்டான் மனுஷன்.

"விட்டுட்டுப் போ மாப்ள. ஊரே நின்னு பாக்குற மாதிரி செஞ்சு தாரேன்" என்றான்.

காரை இறக்குவது ஒன்றும் பெரிய வித்தையில்லை. ஹெரால்டுக்குப் பின்பக்கம் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்துக் குறுக்கே ஒரே கமான் கட்டு. அதைக் கழற்றி, ஒரு பட்டையை உருவிவிட்டு, மற்றவற்றை மலையாண்டி ஆசாரியின் உலையில் கொடுத்து, வளைவைக் குறைத்துப் பதம் போட்டு மாட்டினால் வண்டி தானாகக் கீழே உட்காரும். முன்பக்கத்துச் சுருள் ஸ்பிரிங்கையும் அதற்கு ஏற்றபடி குட்டையாக்கினான். முத்திருளன் வந்து பார்த்துவிட்டு, "ஆத்தாடி!" என்று கைதட்டினான். அப்படியே எடுத்துக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் ஓட்டிப் பார்க்கப் போனான். திரும்பி வந்தபோது முகத்தில் ஈயாடவில்லை.

"மச்சான், வளைவுல திருப்புனா பின்பக்கம் தனியாப் போகுது. தப்பிச்சேன், இல்லேன்னா புளிய மரத்துலதேன் கொண்டுபோயி வச்சிருப்பேன்."

"இன்னும் முடியலன்னு சொன்னேன்ல? அவசரக் குடுக்க. எறங்கு கீழ."

வேலையே அங்கேதான் இருந்தது. அந்தக் காரில் பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தொங்குகிறது. வண்டி இறங்கினால் சக்கரத்தின் மேல்பாகம் உள்ளே சாய்ந்து, அடிப்பாகம் அகன்றுவிடும், மாடு காலை அகட்டி நிற்கிற மாதிரி. அந்தச் சாய்வு ஓரளவுக்கு இருந்தால் நல்லதுதான், வளைவில் தரையைக் கவ்விப் பிடிக்கும். ஆனால் சாய்வோடு சேர்ந்து சக்கரத்தின் முகமும் வெளிப்பக்கம் திரும்பிவிடுகிறதே, அதுதான் வினை. முகம் திரும்பிய பின்சக்கரம் ஓட்டுகிறவன் சொல்பேச்சுக் கேட்காது. டயரும் உட்பக்கமாகவே தேய்ந்து ஒரு மாதத்தில் பாழாகிப் போகும். ஒவ்வொரு சக்கரத்தையும் முன்னாலிருந்து பிடித்துக்கொண்டிருக்கிற இரும்புக் கை ஒன்று உண்டு. அந்தக் கை காரின் அடிவயிற்றில் வந்து சேர்கிற இடத்தில் மெல்லிய தகடுகளைச் சொருகியும் உருவியும்தான் சக்கரத்தை நேராகத் திருப்ப வேண்டும்.

அதையும் வெறும் வண்டியில் வைத்துப் பார்த்தால் தப்பாகிவிடும். ஆள் ஏறியதும் வண்டி இன்னும் இறங்கும், அளவெல்லாம் மாறும். ஆகவே காசிமாயன் ஆளுக்குப் பதிலாகச் சீட்டுகளில் நெல் மூட்டை வைப்பான். மூட்டையோடு வண்டியை முன்னும் பின்னும் உருட்டி, கமான் படிந்த பிறகு, முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம் வரை பக்கவாட்டில் நூலை இழுத்துக் கட்டி, குத்தவைத்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். ஒரு தகடு வைப்பான். மறுபடி உருட்டுவான், மறுபடி நூல் பிடிப்பான். பட்டறை வாசலில் லாரிக்காரர்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். "அண்ணே, ரெண்டு நாளா நிக்கிறோம்ணே!" கிடக்கட்டும் என்று விட்டுவிட்டான்.

ஆடி மாதத்தில் ஒருநாள் மொக்கையன் குடும்பம் அழகர்கோவிலில் பதினெட்டாம்படிக் கருப்புக்குக் கிடாய் வெட்டிவிட்டு, சுற்றி வளைத்து ஒத்தக்கடைக்கு வந்தது. காரைப் பார்க்கத்தான் வந்தார்கள். மொக்கையன் வாசலில் நின்று ஒரு லாரி முதலாளியோடு நெல் விலை பேசிக்கொண்டிருந்தார். தங்கப்பொண்ணு மட்டும் உள்ளே வந்தாள். நெற்றியில் கோவில் திருநீறு. கையில் ஒரு பிளாஸ்டிக் கூடை.

"எதுக்கு மச்சான் காருக்குள்ள மூட்டை?"

"ஆளு ஒக்காந்தா எம்புட்டு இறங்கும்னு பாக்குறதுக்கு."

"ஆளே வந்திருக்கையில மூட்டை எதுக்கு?"

பின்சீட்டு மூட்டையை இறக்கச் சொல்லி, அந்த இடத்தில் அவளே ஏறி உட்கார்ந்துகொண்டாள். கமான் லேசாக முனகியது. மூட்டை அளவுக்கு அவள் எடை இல்லை, அந்த நிலையில் நூல் பிடித்தால் கணக்கு உதைக்கும் என்று காசிமாயனுக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். தெரிந்தும் காருக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டு, தகட்டை வைப்பதும் எடுப்பதுமாக இருந்தான். அவர்கள் போன பிறகு மூட்டையை ஏற்றி எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தான், அது வேறு கதை.

"மச்சான், தகடு கீழ விழுந்து கெடக்கு. அதக்கூடப் பாக்காம என்னத்த முடுக்குறீக?" கதவைத் திறந்து குனிந்து பார்த்தபடி கேட்டாள்.

"ஆங்? அட, ஆமா."

"இதுக்குப் போயி எதுக்கு இம்புட்டு மெனக்கெடுறீக? ஓடுனாப் போதாதா?"

"ஒக்காந்து போறவுகளுக்கு ஒண்ணும் ஆயிரக் கூடாதுல்ல."

பிறகு, "அப்பா கூலி என்னன்னு கேக்கச் சொன்னாரு" என்றாள்.

"மாமன் வீட்டுல கூலியா? நல்லா கேட்ட போ. வாங்கிட்டு வீட்டுக்குப் போனேன்னா எங்கம்மா வெளக்கமாத்தத் தூக்கிரும்."

"அப்ப என்னதேன் வாங்குவீக?"

முகத்தில் கிரீஸ் ஒழுக மல்லாந்து கிடந்தவனுக்கு எங்கிருந்துதான் அந்தத் துணிச்சல் வந்ததோ! "ஓங் கையால எதக் குடுத்தாலும் வாங்கிக்கிருவேன்" என்று சொல்லிவிட்டான். சொல்லிவிட்டு, அவள் சிரிப்பாள் என்று காத்துக் கிடந்தான். அவள் சிரிக்கவில்லை. வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். கூறுகெட்ட மனுஷன், வேறு என்னத்தை நினைப்பான்!

ஆடி முடிவதற்குள் கார் தயாரானது. காசிமாயன் தானே அதை எடுத்துக்கொண்டு அழகர்கோவில் ரோட்டில் விட்டுப் பார்த்தான். வளைவில் கை லேசாகத் திருப்பினால் போதும், பின்பக்கம் முணுமுணுக்காமல் கூடவே வந்தது. பிரேக்கை அழுத்தினால் நேராக நின்றது. இந்த மாதிரி ஒரு வேலையை அவன் அதற்கு முன்னால் செய்ததில்லை. முன்சீட்டில் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தபோது, மல்லிகைப்பூ வாசனைகூட வருகிற மாதிரி இருந்தது அவனுக்கு.

ஆவணி பிறந்ததும் முத்திருளன் காரை எடுத்துப்போக வந்தான். "மச்சான், நாளைக்குக் காலையில அப்பா ஒங்கள வீட்டுக்கு வரச் சொன்னாரு. கூலி வேணாம்னுட்டீகளாம்ல. சும்மா விட முடியுமா? ஒரு மரியாதை செய்யணும்ங்கிறாரு."

"அம்மாவையும் கூட்டியாரவா?"

"அத்தைக்கு எதுக்கு மச்சான் அலைச்சல்? அவுகள இன்னொரு நாளைக்கு மொறைப்படி வந்து அழைப்போம்ல."

முறைப்படி! அந்த ஒரு சொல் போதுமே. காசிமாயன் அன்றைக்குப் பட்டறையில் பாட்டுப் பாடினான். மறுநாள் காலையில் சோப்புப் போட்டு, நகக்கண்ணில் ஏறிய கறுப்பை மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்து, சலவைச் சட்டை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

மாமன் வீட்டுக் கூடத்தில் ஜமுக்காளம் விரித்திருந்தது. உறவில் பெரிய தலைகள் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் இல்லாமல் அந்தப் பக்கத்தில் ஒரு நல்லது கெட்டது நடக்காது. அவர்களைப் பார்த்ததும் காசிமாயனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. பெரிய மனுஷர்களை வைத்துப் பேசப் போகிறார் மாமா! "வாப்பா மாப்பிள்ள, ஒக்காரு" என்றார் மொக்கையன். எத்தனை வருஷம் கழித்து அந்த வாயிலிருந்து மாப்பிள்ள என்று வருகிறது!

உள்ளேயிருந்து தங்கப்பொண்ணு வந்தாள். பச்சைப் பட்டுப் பாவாடை, வெள்ளைத் தாவணி. இரண்டு கையாலும் ஒரு பித்தளைத் தட்டைப் பிடித்திருந்தாள். அவனுக்கு நேராக வந்து நின்று, "வாங்கிக்கங்க மச்சான்" என்றாள். அவள் கைவிரல்கள் லேசாக நடுங்கியதைப் பார்த்தான். அந்த நடுக்கத்தை மட்டும்தான் பார்த்தான். எழுந்து, குனிந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

"வாங்கிட்டான்ல?" என்றார் பெரியவர் ஒருவர்.

"வாங்கிட்டான், வாங்கிட்டான். நல்லாருக்கட்டும்" என்றார் இன்னொருவர்.

பிறகு கறிச்சோறு போட்டார்கள். கல்யாணத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. எடுத்த எடுப்பிலேயே பேசுவார்களா, அம்மாவை வைத்துத்தானே பேச வேண்டும் என்று அவனே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரண்டாம் தரம் குழம்பு வாங்கிச் சாப்பிட்டான். மாமன் மனைவியான அத்தை, வேட்டியையும் துண்டையும் ஒரு மஞ்சள் பையில் போட்டு அவன் கையில் கொடுத்தாள்.

வீட்டில் சோணையம்மாள் மிளகாய் வற்றலைக் காம்பு கிள்ளிக்கொண்டிருந்தாள். மகன் பையைப் பிரித்து வேட்டியை அவள் மடியில் வைத்தான். நடந்ததையெல்லாம் சொன்னான். பெரியவர்கள் வந்திருந்தார்கள் என்றபோது அவள் கை நின்றது.

"அவங்க எதுக்குடா வந்தாங்க?"

"நம்ம விசயமாத்தேன் இருக்கும்."

"தட்டுல என்னென்ன இருந்துச்சு?"

"வேட்டி, துண்டு, வெத்தல பாக்கு..."

"தேங்கா இருந்துச்சா?"

காசிமாயன் வாயைத் திறந்தான். யோசித்தான். பித்தளைத் தட்டு கண்ணுக்குள் வந்தது. வெற்றிலையின் பச்சை வந்தது. அவள் விரல் வந்தது. தேங்காய் வரவில்லை.

"ஏண்டா, தேங்கா இருந்துச்சா இல்லையாடா?" சோணையம்மாள் கத்தினாள்.

அவர்கள் ஆட்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முறைப்பெண்ணை வெளியே கட்டிக் கொடுப்பதென்றால் முறை உள்ளவன் சம்மதிக்க வேண்டும். சும்மா வாயால் சொன்னால் செல்லாது. சாட்சி வைத்து, வேட்டி துண்டு வெற்றிலை பாக்கோடு ஒரு தட்டை நீட்டுவார்கள். அவன் கை நீட்டி வாங்கிவிட்டால், முறை கழிந்தது. வாங்க மாட்டேன் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால், எப்பேர்ப்பட்ட கொம்பன் வீட்டுக் கல்யாணமும் நின்றுபோகும். நின்றும் இருக்கிறது. கல்யாணத்தை நிச்சயம் செய்கிற பரிசத் தட்டும் பார்வைக்கு அதே மாதிரிதான் இருக்கும். பரிசத் தட்டில் தேங்காய் இருக்கும், கழிக்கிற தட்டில் இருக்காது. இது அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். காசிமாயனுக்கும் தெரியும். எத்தனையோ பேருக்கு அந்தத் தட்டை நீட்டியதை அவனே பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறான்.

"யாத்தே! எந்தம்பி என் வகுத்துல மண்ணள்ளிப் போட்டுட்டானே!" சோணையம்மாள் வேட்டியை உதறி எறிந்தாள். மிளகாயெல்லாம் சிதறியது. "அதுக்குத்தேன் என்னைய வேணாம்னு விட்டானுக. நான் வந்திருந்தா வாசப்படியிலயே கண்டுபிடிச்சிருப்பேன்ல! ஓங் கண்ணு எங்கடா போச்சு? நொள்ளக் கண்ணா ஒனக்கு? ஒரு தேங்காயப் பாக்கத் தெரியலையே, நீ எல்லாம் என்னத்தடா நூலு புடிச்சுக் கிழிக்கிற!"

கண் எங்கே போனது என்று அவனுக்கே தெரியும். அதை அம்மாவிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் விடிந்ததும் வேட்டியை அதே மஞ்சள் பையில் சுருட்டிக்கொண்டு செக்கானூரணிக்குப் போனான். மாமன் வீட்டு வாசலில் பந்தக்கால் நட்டிருந்தது. மாவிலையும் மஞ்சள் துணியும் கட்டியிருந்தது. பந்தலுக்குப் பக்கத்தில் அந்த வெள்ளைக் கார் கழுவித் துடைத்து நின்றது. ஒரே நாளில் பந்தக்கால்! அவன் கை நீட்டித் தட்டை வாங்குவதற்காகத்தானே இத்தனை நாளும் காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்!

"மாமா!" என்று கத்தினான். "எறங்கி வாங்க வெளிய!"

மொக்கையன் பல்குச்சியோடு வந்தார். பயந்த மாதிரித் தெரியவில்லை.

"என்னப்பா காலங்காத்தால?"

"இந்தக் காரு யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு. கோயமுத்தூருல பம்பு கம்பெனியில என்சினியரு. அவருக்கு இப்பிடி இறக்கி வச்சாத்தேன் புடிக்குமாம். நல்லா செஞ்சு குடுத்திருக்க, அதச் சொல்லணும்."

"அப்ப முத்திருளன் ஆசைன்னு சொன்னது?"

"உள்ளதச் சொன்னா நீ செஞ்சிருப்பியா?"

காசிமாயன் பையிலிருந்து வேட்டியை எடுத்து அவர் காலடியில் வீசினான். "இந்தா, ஒங்க வேட்டி. நான் கழிக்கல. ஏமாத்தி வாங்க வச்சது செல்லாது. ஒங்க மகளக் கட்டுறதுக்கு நான் இருக்கேன். ஊரக் கூட்டுவேன்."

"கூட்டு. கூட்டித்தேன் பாரேன். எந்திரிச்சு நின்னு ரெண்டு கையாலயும் வாங்கிக் கண்ணுல ஒத்துனத ரெண்டு பெரிய மனுசங்க பாத்திருக்காங்க. ஏமாந்துட்டேன்னு சபையில சொல்லப் போறியா? மொறைக்காரனுக்குத் தட்டு எதுன்னு தெரியலன்னு சொல்லு, சிரிச்சுட்டுப் போகட்டும்." துப்பிவிட்டு நிமிர்ந்தார். "என்னைய என்ன செய்யச் சொல்ற? அந்தக் கரி புடிச்ச பட்டறைக்குள்ள கொண்டாந்து எம் மகள விடவா? நேராக் கேட்டா நீ விட்டுக் குடுத்திருப்பியா?"

"குடுத்திருக்க மாட்டேன்."

"அதேன் கேக்கல."

அத்தை ஓடிவந்து வேட்டியை எடுத்தாள். மண்ணைத் தட்டி, ஓரத்தை ஓரத்தோடு சேர்த்து மடித்து, மறுபடி அவன் பையிலேயே வைத்தாள். "கோவப்படாத தம்பி. கல்யாணத்தன்னைக்கு இதக் கட்டிக்கிட்டு வந்து முன்னால நிக்கணும், அதேன் மொறை" என்றாள், பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. அவனுக்கு அந்த இடத்தில் அழுகை வந்துவிட்டது. மாமன் பேச்சுக்குக்கூட வரவில்லை.

அழுகையை முழுங்கிக்கொண்டு நிமிர்ந்தபோது தங்கப்பொண்ணு வாசல்படியில் நின்றிருந்தாள். அவனுக்கு ஒன்றே ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவளுக்குத் தெரிந்திருக்காது. என்ன தட்டு என்று தெரியாமலே கையில் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அந்த விரல் நடுங்கியதே! அது போதும், அதை வைத்துக்கொண்டு சபையைக் கூட்டலாம், சிரிக்கிறவன் சிரிக்கட்டும்.

"தங்கம், ஒனக்குத் தெரியுமா? அது என்ன தட்டுன்னு சொல்லித்தேன் ஓங் கையில குடுத்தாங்களா?"

"தங்கப்பொண்ணு, நீ உள்ள போ" என்றார் மொக்கையன்.

அவள் போகவில்லை. படியிறங்கி வந்தாள். "யாரும் என் கையில குடுக்கல மச்சான். நாந்தேன் கேட்டு வாங்கிட்டு வந்தேன். அப்பா குடுத்தா நீங்க தட்டப் பாப்பீக. நான் குடுத்தா தட்டப் பாக்க மாட்டீகன்னு நாந்தேன் சொன்னேன்."

பந்தல்காரர்கள் மூங்கிலைப் போட்ட சத்தம் காசிமாயனுக்கு எங்கேயோ தூரத்தில் கேட்டது.

"ஒங்க மேல எனக்கு ஒரு கோவமும் கெடையாது. நல்லவுகதேன் நீங்க. எனக்கு அங்கன வந்து இருக்க முடியாது, அம்புட்டுத்தேன். நேரா சொன்னா நீங்க விட மாட்டீக. கை நடுங்குச்சு எனக்கு, எங்க பாத்துருவீகளோன்னு."

அதற்குத்தான் நடுங்கியதா! போகட்டும். திட்ட வாய் வரவில்லை. எத்தனை வருஷமாக அவளை நினைத்துக்கொண்டிருந்தான், அவளைப் பற்றி அவனுக்கு ஒரு மண்ணும் தெரியவில்லை. அவளுக்கோ அவனைப் பற்றித் தெரியாதது ஒன்றுமில்லை. பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு திரும்பினான்.

"மச்சான்" என்றாள் பின்னாலிருந்து. "நேத்து சாயங்காலம் அவுக வந்து காரை ஓட்டிப் பாத்தாக. நாலு பேரு ஏறுனா பின்னாடி ஒரு சத்தம் கேக்குதாம். போறதுக்குள்ள ஒரு எட்டு பாத்துட்டுப் போறீகளா?"

அவுக. அதற்குள் அவுக ஆகிவிட்டான் கோயமுத்தூர்க்காரன்.

"ஏய், கூறு இருக்கா ஒனக்கு?" மொக்கையன் பாய்ந்து வந்தார். "இந்தக் கோவத்துல இவன் கை வச்சான்னா வண்டி எந்த மரத்துல போயி நிக்கும்னு யாருக்குத் தெரியும்? தொடவே கூடாது. வேற மெக்கானிக்கு இல்லையா ஊருல?"

"மச்சான் அப்பிடியெல்லாம் செய்ய மாட்டாகப்பா" என்றாள் தங்கப்பொண்ணு. சத்தமே உயரவில்லை. சோறு வெந்துவிட்டதா என்று கேட்டால் வெந்துவிட்டது என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

காசிமாயன் நின்றான். போய்விட வேண்டும் என்றுதான் நினைத்தான். மூஞ்சியில் காறித் துப்பிவிட்டுப் போய்விட வேண்டும் என்று அவன் உடம்பில் ஒவ்வொரு நரம்பும் சொன்னது. பையைக் கீழே வைத்தான். காருக்குப் பின்னால் போய்க் குத்தவைத்து உட்கார்ந்து, சக்கரத்தின் மேல் கையை வைத்தான்.

"எந்தப் பக்கத்துல சத்தம் கேக்குதாம்?" என்று கேட்டான்.